மலைக்குள் இருக்கும் செல்வம். ஆற்றில் இறங்கும் கணக்கு

பாலிங்: மலைக்கு அடியில் கோடிக்கணக்கில் பணம் புதைந்து கிடக்கிறது என்ற பேச்சு கெடா மாநிலத்தின் உட்பகுதிகளில் சில ஆண்டுகளாக ஓயவில்லை. மின்சாரக் கார், காற்றாலை, கைத்தொலைபேசி ஆகியவற்றுக்குத் தேவைப்படும் அரிய மண் தாதுதான் இதற்குக் காரணம். நாடு முழுவதும் 1 கோடியே 61 லட்சம் டன் கதிரியக்கமற்ற அரிய மண் தாது இருக்கலாம் என்பது அரசாங்கத்தின் மதிப்பீடு. அது இருக்கும் மாநிலங்களில் கெடாவும் ஒன்று.

பக்கத்து மாவட்டமான சிக்கில், புக்கிட் எங்காங் பகுதியில் இந்தத் தாது திருட்டுத்தனமாக எடுக்கப்பட்ட விவகாரம் 2023-இல் ஊழல் தடுப்பு ஆணையம் வரை சென்றது. எல்லைக்கு அப்பால் பேராக்கின் உலு பேராக் மாவட்டத்தில், கெனெரிங்கில் முன்னோடித் திட்டமே தொடங்கிவிட்டது. பாலிங் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. மலைச் செல்வத்தை எடுத்தால் யாருக்கு என்ன கிடைக்கும், யார் தலையில் என்ன விழும் என்ற கேள்வி இங்கே வாசலுக்கே வந்துவிட்டது.

சபா சொல்லும் பாடம்

மலேசியாவில் இதற்கு முன்மாதிரி உண்டு. சபாவில் கினபாலு மலையின் தென்கிழக்குச் சரிவில், ரானாவ் மாவட்டத்தில் மாமூட் செம்புச் சுரங்கம் 1975 முதல் 1999 வரை இயங்கியது. 1964-இல் கினபாலு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட காட்டிலிருந்து அந்த இடம் பிறகு வெட்டி எடுக்கப்பட்டு, ஜப்பானிய முதலீட்டுடன் சுரங்கம் தோண்டப்பட்டது.

24 ஆண்டுகளில் அங்கிருந்து கிடைத்தது ஏறத்தாழ 6 லட்சம் டன் செம்பு, 294 டன் வெள்ளி, 45 டன் தங்கம். சின்னக் கணக்கு அல்ல. வேலை கிடைத்தது, சாலை வந்தது, ரானாவ் பட்டணம் வளர்ந்தது. இதை மறைத்துப் பேசுவது நியாயமாகாது.

ஆனால் உலகச் சந்தையில் செம்பு விலை சரிந்து கிடந்த 1999-இல் சுரங்கம் மூடப்பட்டது. ஆட்கள் போனார்கள், இயந்திரங்கள் போயின. மலையில் தோண்டிய மாபெரும் பள்ளம் மட்டும் அங்கேயே நிற்கிறது. அதில் தேங்கியுள்ள நீர் அமிலமாகிவிட்டது. கந்தகம் கலந்த பாறை காற்றும் மழையும் பட்டால் அமிலம் சுரக்கும். அந்த அமிலம் பாறையிலுள்ள உலோகங்களைக் கரைத்துக்கொண்டு ஓடைக்கு இறங்கும். சுரங்கம் மூடிவிட்டது என்பதற்காக இந்த வேலை நிற்காது. தாது அரைத்த கழிவு குழாய் வழியாக ஏறத்தாழ 15 கிலோமீட்டர் கீழே லோஹானுக்கு அனுப்பப்பட்டது. அந்த வட்டாரத்து நெல்வயல்கள் கழிவால் பாதிக்கப்பட்டதும் சபாவில் பழைய கதை.

சுரங்கம் ஒரு தலைமுறைக்குச் சோறு போட்டது. மூடிக் கால் நூற்றாண்டு கடந்த பிறகும் அந்தப் பள்ளத்தை என்ன செய்வது என்ற பேச்சு முடியவில்லை.

பள்ளம் தெரியாத சுரங்கம்

'இப்போது அப்படித் தோண்டுவதில்லை, மலை மேல் ஒரு மரமும் விழாது' என்பது புதிய திட்டங்களுக்குச் சொல்லப்படும் சமாதானம். அமெரிக்காவின் மோன்டானா மாநிலத்தில் கேபினெட் மலைக்காட்டின் அடியில் பெரிய செம்பு, வெள்ளிப் படிவம் இருக்கிறது. 1964 முதல் சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட காடு அது. காட்டுக்கு வெளியிலிருந்து குகை குடைந்து அடியில் உள்ளதை எடுப்போம் என்று நிறுவனங்கள் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகின்றன. அங்கே வழக்கு மரத்தைப் பற்றி மட்டும் அல்ல. மலைக்குள் குகை குடைந்தால் பாறை இடுக்கில் உள்ள நிலத்தடி நீர் குகைக்குள் வடியும். மேலே ஓடும் ஓடைகள் வற்றும். அத்திட்டங்களில் ஒன்றுக்குக் கொடுக்கப்பட்ட அனுமதியை 2017-இல் கூட்டரசு நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

கெனெரிங்கில் பயன்படும் முறையிலும் குகை இல்லை, பள்ளம் இல்லை. மலைச் சரிவில் துளை போட்டு அமோனியம் சல்பேட் கரைசலைச் செலுத்துகிறார்கள். அது களிமண்ணில் ஒட்டியிருக்கும் தாதுவைக் கரைத்துக்கொண்டு கீழே வர, குழாயில் பிடித்துத் தொட்டியில் சேர்க்கிறார்கள். எல்லாக் கரைசலும் குழாய்க்கே வந்தால் பிரச்சினை குறைவு. வராதது நிலத்தடி நீரில் கலக்கும். இதே முறையைப் பெரிய அளவில் செய்த சீனாவின் கான்சோவ் வட்டாரத்தைச் சுத்தம் செய்ய 3,800 கோடி யுவான் தேவைப்படும் என்று 2012-இல் சீன அரசு அதிகாரியே சொன்னார்.

தண்ணீர் யாருடையது?

பாலிங்கில் விழும் மழை பாலிங்கிலேயே நிற்பதில்லை. சுங்கை கெட்டில் இங்கிருந்து கோலக்கெட்டில் பக்கம் இறங்கி சுங்கை மூடாவில் சேர்கிறது. சுங்கைப்பட்டாணி வட்டாரத்துக்கும், பினாங்கு மாநிலத்தின் குழாய்த் தண்ணீரில் பெரும்பகுதிக்கும் சுங்கை மூடாதான் ஆதாரம். மேலே ஒரு சரிவில் நடக்கும் தவறு, கீழே பட்டர்வொர்த்தில் குழாயைத் திறப்பவர் வீட்டுக்கும் போகும்.

மலை என்ன செய்யும் என்பதை இந்த மாவட்டம் மறக்கவில்லை. 2022 ஜூலை 4-இல் குனோங் இனாஸ் மலையிலிருந்து சேறும் மரக்கட்டைகளுமாக வெள்ளம் இறங்கி, கூப்பாங் வட்டாரத்தில் மூன்று உயிர்களைக் கொண்டு போனது. மலையில் டுரியான் தோட்டத்துக்காகக் காடு அழிக்கப்பட்டதைக் கிராமத்து மக்கள் சுட்டிக்காட்டினார்கள். வழக்கத்துக்கு மீறிய மழை என்று அதிகாரத் தரப்பு சொன்னது. காரணம் பற்றி இரு தரப்பும் இரு விதமாகப் பேசலாம். உயிரும் உடைமையும் இழந்தவர்கள் கீழே குடியிருந்தவர்கள்தான் என்பதில் இரண்டு கருத்து இல்லை.

லாபமும் உரிமையும்

நிலமும் சுரங்கக் குத்தகையும் மாநில அரசின் அதிகாரத்தில் உள்ளவை. நிலப் பட்டா கையில் இருந்தாலும் அடியில் உள்ள கனிமம் மாநிலத்துக்கே சொந்தம். நிலமே இல்லாமல் தோட்ட வீட்டில் குடியிருப்பவர்களுக்குப் பேச்சுவார்த்தை மேசையில் நாற்காலியே கிடையாது. தோட்டம் கைமாறும்போது தோட்டப் பாட்டாளிகள் கடைசியாகத் தெரிந்துகொள்வது வழக்கமாகிவிட்ட நாட்டில், மலை கைமாறும்போது மட்டும் முதலில் சொல்வார்கள் என்று நம்புவதற்கில்லை.

விலையும் இங்கே முடிவாவதில்லை. ரப்பர் விலை விழுந்து, 1974-இல் பாலிங் மக்கள் பசியோடு தெருவில் இறங்கியதை நாடே அறியும். ரப்பருக்கு அன்று நடந்தது நாளை தாதுவுக்கும் நடக்கலாம். சுத்திகரிக்காத அரிய மண் தாதுவை அப்படியே ஏற்றுமதி செய்யக்கூடாது என்று 2023 செப்டம்பரில் பிரதமர் அறிவித்தது நல்ல முடிவு. ஆனால் உள்நாட்டில் சுத்திகரிக்கும் தொழிற்சாலை எங்கே வரும், அதில் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு என்ன வேலை என்பதும் சேர்ந்தே பேசப்பட வேண்டும்.

வருமானம் குறைந்த மாநிலமான கெடா தன் மண்ணில் உள்ளதைப் பயன்படுத்த நினைப்பது தவறல்ல. கேட்க வேண்டிய கேள்விகள் எளியவை. இடம் வனக்காப்பிலோ நீர்ப்பிடிப்புப் பகுதியிலோ இருக்கிறதா? ஆற்றுநீரை யார் சோதிப்பார், முடிவை எங்கே ஒட்டுவார்? மூடிய பிறகு சீர்படுத்தும் பணம் முன்கூட்டியே கட்டப்படுகிறதா, அல்லது மாமூட் போல அடுத்த தலைமுறைக்கு விடப்படுகிறதா?

பெரிய திட்டங்களின் சுற்றுச்சூழல் மதிப்பீட்டு அறிக்கையைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து, எழுத்து மூலம் கருத்து கேட்கும் ஏற்பாடு சட்டத்தில் உண்டு. அறிக்கை மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கும். தடித்த புத்தகம் என்று ஒதுக்கிவிட்டால் கருத்து சொல்லும் நாள் கடந்துவிடும். பாலிங், கூப்பாங், கோலக்கெட்டில் வட்டாரங்களில் உள்ள ஆலய நிர்வாகங்கள், பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள், இளைஞர் மன்றங்கள் ஆகியவற்றில் அதைப் படித்து விளக்கக்கூடிய பட்டதாரிகள் இன்று இருக்கிறார்கள். நான்கு பேர் உட்கார்ந்து படித்து, கையெழுத்துப் போட்டு ஒரு கடிதம் அனுப்பினாலும் அது கோப்பில் சேரும். மலை இறங்கிய பிறகு எழுதும் மனுவைவிட அந்தக் கடிதத்துக்கு மதிப்பு அதிகம்.