பில்லுக்கா போகணும் சம்பளம்?



டிப்ளமோ முடித்தால் நம்மில் பலருக்கு வளைகுடா கனவுதான். மணியாச்சி ஜங்ஷனில் ரயிலேற்றிவிடும் அம்மாக்கள் சொல்வதும் ஒன்றுதான்: "போய்ச் சேர்ந்ததும் தகவல் சொல்லுய்யா."

எங்க பெரியம்மா மகன் துபாயில் இறங்கியதும் ஊர் சிம்மிலேயே நெட்டை ஓடவிட்டான். இரண்டே நாளில் பில் தொகையைப் பார்த்து ஆடிப்போனான். "நாலு மெசேஜ்தானே அனுப்பினேன்?" என்கிறான். போன் சும்மா இருக்குமா? பையில் கிடந்தபடியே ஆப் அப்டேட், போட்டோ பேக்கப் என்று இழுத்துத் தள்ளிவிட்டது!

மழை பார்த்து விதைக்கிற கரிசல்காட்டுக்காரனுக்கு அளந்து செலவழிக்கவா தெரியாது? விமானம் ஏறுமுன் டேட்டா ரோமிங்கை அணையுங்கள். மேப்பை ஊரிலேயே டவுன்லோட் செய்யுங்கள். வீடியோ தானாக ஓடுவதை நிறுத்துங்கள். ஏர்போர்ட் வைஃபையில் வீட்டுக்குத் தகவல் சொல்லிவிட்டு, அந்த ஊர் சிம் வாங்குங்கள்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். ரோமிங்கில் மட்டும் விலை ஏன் ஏறுகிறது? டவர் அதேதான், ஏறுவது இரண்டு கம்பெனிகளுக்கு இடையிலான கணக்கு. ஐரோப்பிய ஒன்றியம் 2017 ஜூன் 15 முதல் தன் உறுப்பு நாடுகளுக்குள் கூடுதல் ரோமிங் கட்டணத்தை ஒழித்தது. சட்டம் போட்டார்கள், விலை இறங்கிற்று! லட்சக்கணக்கில் நம்மவர் உழைக்கும் வளைகுடா நாடுகளோடு நம் அரசும் அப்படிப் பேசினால் என்ன?

கேட்போம், தோழர்களே! அதுவரை ரோமிங்கை அணைப்போம். கடன் வாங்கிப் போனவனின் முதல் சம்பளம் அம்மா கைக்கு வரட்டும்!