செவிலியின் மனு

அகப்பாடல்களை நடத்தும் வகுப்புகளில் ஆண்டுதோறும் மாணவர் எவரேனும் ஒரு கேள்வி கேட்பதுண்டு. பெற்ற தாய் இருக்கையில் வளர்த்த தாய்க்குத் தனியே பாடல்கள் எதற்கு? நற்றாய் கூற்றையும் செவிலி கூற்றையும் தொல்காப்பியம் வேறு வேறாக வகுத்திருப்பதைச் சுட்டிவிட்டு நாமும் அடுத்த பாடலுக்குப் போய்விடுவோம். அக்கேள்வி அண்மையில் வேறு வடிவில் நம்மிடம் வந்து சேர்ந்தது.

நாம் அறிந்த மூதாட்டி ஒருவர், மகள் இறந்தபின் பேரனை நான்கு வயதுவரை வளர்த்தவர். பிறகு நீதிமன்றம் பிள்ளையைத் தந்தையிடம் ஒப்படைத்தது. பாட்டி மாதம் ஒருமுறை இரண்டு மணி நேரம், நீதிமன்ற வளாகத்திலேயே பார்க்கலாம் என்றது. பேரனுக்கு இப்போது ஒன்பது வயது. “கோடை லீவுக்குப் பத்து நாள் வரட்டுமான்னு அவனே கேக்கிறான் சார். அந்த ஆர்டரை மாத்தச் சொல்லிக் கேக்க முடியுமா?” என்றார். சுற்றத்தார் எல்லோரும் அவருக்குச் சொல்லியிருந்த விடை ஒன்றே: தீர்ப்பு வந்தாயிற்று, இனி என்ன இருக்கிறது?

இவ்விடை பிழையானது. நிலத்தகராறு ஒருமுறை தீர்ந்தால் தீர்ந்ததுதான். பிள்ளையோ வளர்கிறது. ஆகவே குழந்தைப் பொறுப்பு பற்றிய உத்தரவுகள் இயல்பிலேயே மாற்றத்தக்கவை என்றும், இரு தரப்பும் உடன்பட்டுப் பெற்ற உத்தரவாயினும் குழந்தையின் நலன் வேண்டினால் மாற்றலாம் என்றும் உச்சநீதிமன்றம் 1973-லேயே கூறிவிட்டது. 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் மற்றும் காப்புக்குரியோர் சட்டம், உறவினரும் நண்பரும்கூட மனுச் செய்ய இடமளிக்கிறது. பிரிவு 17, முடிவின் அளவுகோலாகக் குழந்தையின் நலனையே வைக்கிறது. விவரமறிந்து விருப்பம் சொல்லும் வயதென்றால் அவ்விருப்பத்தையும் நீதிமன்றம் கருதலாம் என்கிறது.

பெற்றோர் அல்லாதவர் என்பதாலேயே ஒருவர் தோற்பதில்லை. 2008-இல், தாயை இழந்த சிறுவனைத் தந்தையிடம் ஒப்படைக்கச் சொன்ன கீழ்நீதிமன்றங்களின் உத்தரவுகளை நீக்கி, அவனைத் தாய்வழித் தாத்தா பாட்டியிடமே இருக்கவிட்டது உச்சநீதிமன்றம். 2019-இல் மற்றொரு வழக்கில், தாயின் உடன்பிறந்தார் வளர்த்த குழந்தை தந்தையிடம் போயிற்று. எனினும் வளர்த்தவர்கள் வந்து பார்க்க வழிவகுத்ததோடு, அந்த ஏற்பாட்டில் மாற்றம் வேண்டுமானால் உயர்நீதிமன்றத்தை அணுகலாம் என்றும் தீர்ப்பிலேயே எழுதப்பட்டது. இரண்டாவது தீர்ப்பே நமக்கு நெருக்கமாகப் படுகிறது. தந்தைக்குரிய இடத்தைப் பறிக்காமலே வளர்த்தவருக்கும் ஓர் இடம் தர முடியும் என்பதை அது காட்டுகிறது.

ஆனால் இத்தகைய இடம் ஒவ்வொரு நீதிபதியின் மனத்தையும் சார்ந்தே நிற்பது சரியா? 1890-இன் சட்டத்தில் தாத்தா பாட்டியரின் சந்திப்புக்கென்று தனிப் பிரிவு ஏதுமில்லை. 2015-இல் சட்ட ஆணையத்தின் 257-ஆம் அறிக்கை, அவர்களுடன் குழந்தை செலவிடும் நேரத்தையும் நெறிமுறைகளில் சேர்க்கப் பரிந்துரைத்தது. அப்பரிந்துரை சட்டமாகவில்லை. ஆக வேண்டும் என்பதே நம் கருத்து.

அதுவரை மனு எழுதுவோருக்கு ஒரு சொல். மூதாட்டியின் முதல் வரைவைப் படித்தோம். ‘என் உரிமை’, ‘என் தனிமை’, ‘என் முதுமை’ என்றே ஒவ்வொரு பத்தியும் தொடங்கியது. அவை யாவும் உண்மைதாம். ஆயினும் மன்றம் கேட்கும் கேள்வி அதுவன்று. இந்த ஐந்தாண்டுகளில் பிள்ளைக்கு என்ன மாறியிருக்கிறது? அவனுக்கு இப்போது என்ன தேவை? அவன் படிப்பும் தந்தையின் புதிய குடும்பத்து அமைதியும் கெடாமல் அது எப்படி நடக்கும்? இவற்றுக்கே விடை வேண்டும். தந்தையைக் குற்றவாளியாக்கும் வரிகளால் பிள்ளைக்கு எந்தப் பயனும் இல்லை.

பாலைப் பாடல்களின் செவிலியும் இதைத்தான் செய்கிறாள். வெறுமையான வீட்டை எண்ணி அழுதாலும், அவள் நெஞ்சு ஓடுவது சுடுமணலில் நடக்கும் மகளின் மெல்லடியை நோக்கியே. அதனால்தான் அவள் குரலுக்கு இலக்கணமும் இடம் தந்தது போலும்.

இரண்டாம் வரைவு, “என் பேரன் கேட்கிறான்” என்று தொடங்கியது. அதுவே மன்றத்தில் அளிக்கப்பட்டிருக்கிறது. கோடை விடுமுறைக்குள் விசாரணைக்கு வர வேண்டும்.