கண் உருள எத்தனை வருஷம்?

திருவட்டாறு ஆதிகேசவ பெருமாள் கோயிலில் ஐப்பசி, பங்குனித் திருவிழா என்றால் இரவில் கதகளி உண்டு. 30 விநாடி வீடியோ எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறவர்களும் உண்டு. பச்சை முகம், பெரிய கிரீடம், உருளும் கண்கள்... ஸ்டேட்டஸுக்கு அது போதும்!

ஆனால், அந்தக் கண்கள் அப்படி உருள வருடக்கணக்கில் ஆகும். கவிஞர் வள்ளத்தோள் நாராயண மேனோன் முன்னின்று 1930-ல் தொடங்கிய கேரள கலாமண்டலத்தில், பள்ளி வயதிலேயே பிள்ளைகள் சேருகிறார்கள். எடுத்த எடுப்பில் நடிப்பு கிடையாது. விடியும் முன் எழுந்து, கண்ணில் நெய் விட்டு, விழிகளை மேலும் கீழும் ஓட்டிப் பழக வேண்டும். மழைக்காலத்தில் உடம்பெல்லாம் எண்ணெய் பூசிப் படுக்கவைத்து, ஆசான் காலாலேயே உழிவார். வலிக்கத்தான் செய்யும். இடுப்பும் தொடையும் இளகினால்தானே முழங்காலை அகட்டி மடக்கி இரவெல்லாம் ஆட முடியும்?

கூடவே 24 அடிப்படை முத்திரைகள். பாட்டு பின்னால் நிற்பவர்களுடையது. ஆடுபவர் வசனம் பேசுவதில்லை. கையும் கண்ணும்தான் அவருக்கு வாய். இத்தனைக்கும் பிறகு, புதியவர்களுக்குப் பெரும்பாலும் முதலில் கிடைப்பது 'புறப்பாடு' என்ற தொடக்க ஆட்டம். நளன், ராவணன் எல்லாம் ரொம்பத் தள்ளி.

டான்ஸ் கிளாஸில் சேர்த்த மூன்றாம் மாதமே ‘அரங்கேற்றம் எப்போ?’ என்று கேட்கிறோமே, நாம்!

அடுத்த திருவிழாவுக்குப் போனால், போனைப் பையில் போட்டுவிட்டு ஒரு பாட்டு முடியும்வரை உட்காருங்கள். கண்ணை மட்டும் பாருங்கள்.