கத்தினால் மட்டும் போதுமா?

உங்கள் வீட்டில் வைஃபை எந்த இடத்தில் உயிரை விடுகிறது? என் வீட்டில் அடுக்களை வாசற்படி. அதைத் தாண்டினால் திரையில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பிக்கும். சாம்பார் கொதித்து இறக்குகிற வரைக்கும் சுற்றும்.

தூத்துக்குடியில் என் நண்பர் ஒருவர் வீட்டில் நிலைமை இதைவிட மோசம். பழைய காலத்து வீடு. தெருவிலிருந்து பார்த்தால் குறுகல்; உள்ளே போனால் ரயில் பெட்டி மாதிரி நீண்டுகொண்டே போகும். நடை, பட்டாசாலை, இரண்டு அறை, அடுக்களை, அதற்கும் பின்னால் ஒரு சின்ன அறை. ஒவ்வொரு சுவரும் ஒரு முழம் கனம். அந்தக் கடைசி அறையில் நண்பரின் அம்மா. எண்பது வயதைத் தாண்டியவர். மூட்டுவலியோடு முன்னறைக்கு நடந்து வருவது முடியாத காரியம்.

அவருக்குக் கப்பலில் வேலை பார்க்கும் பேரன் ஒருவன். நடுக்கடலில் இருந்து வீடியோ காலில் கூப்பிடுவான். கப்பலில் சாட்டிலைட் இணையம் இருக்கிறது. அத்தனை தூரம் வானத்துக்குப் போய்த் திரும்பி வருகிற சிக்னல், தெருவாசலில் இருந்து அடுக்களைக்குப் பின்னால் வர மாட்டேன் என்கிறது. "ஆச்சி, முகம் தெரியல" என்பான் அவன். "நீ எங்கடே இருக்க?" என்பார் ஆச்சி. அவ்வளவுதான், கட்.

நண்பர் சும்மா இருக்கவில்லை. கடைக்குப் போய்ப் பெரிய ரவுட்டராக வாங்கி வந்தார். நான் போனபோது வாசல் பக்கத்து அலமாரியில் அது கரப்பான்பூச்சியைக் கவிழ்த்துப் போட்ட மாதிரி உட்கார்ந்திருந்தது.

"ஆறு கொம்பு வே. தெருமுனை வரைக்கும் பாயும்னு சொல்லிக் கொடுத்தான்."

"பாயுதா?"

"தெருமுனைக்குப் பாயுது. எங்க அம்மை ரூமுக்குத்தான் பாயல."

சிரிக்காதீர்கள். நம்மில் முக்கால்வாசிப் பேர் இதைத்தான் செய்கிறோம். கேட்கவில்லையா, சத்தத்தைக் கூட்டு. மேடையில் மைக், கல்யாண வீட்டில் பாட்டு, கோயில் குழாய், எல்லாவற்றுக்கும் ஒரே வைத்தியம். அந்த வைத்தியத்தை வைஃபைக்கும் பார்க்கிறோம். விற்கிறவர்களும் நம் பலவீனம் தெரிந்து கொம்பைக் கூட்டி விலையைக் கூட்டுகிறார்கள்.

நான் பி.காம். படித்தவன். எலெக்ட்ரானிக்ஸ் தெரியாது. ஆனால் இரட்டைப் பதிவு முறை தெரியும். பற்று ஒரு பக்கம், வரவு ஒரு பக்கம். ஒரு பக்கத்தை மட்டும் எழுதி வைத்துக்கொண்டு கணக்கு சரி என்று சொல்ல முடியாது. வைஃபையும் அப்படித்தான். ரவுட்டர் பேசுவது ஒரு பக்கம். உங்கள் கையில் இருக்கும் போன் பதில் பேசுவது இன்னொரு பக்கம். ரவுட்டருக்குச் சுவரில் கரண்ட். போனுக்கு விரல் நீளத்தில் ஒரு பேட்டரி. ரவுட்டர் கத்துவது ஆச்சி அறைக்குக் கேட்டாலும், ஆச்சியின் போன் முனகுவது நாலு சுவர் தாண்டி வாசலுக்குக் கேட்க வேண்டாமா? அதனால்தான் பல நேரம் கோடு எல்லாம் முழுசாக நிற்கும்; வேலை மட்டும் நடக்காது.

கத்துவதற்கும் எல்லை உண்டு. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை லைசென்ஸ் இல்லாமல் யாரும் பயன்படுத்தலாம் என்று 2005-ல் மத்திய அரசு அறிவித்தபோதே, டிரான்ஸ்மிட்டருக்கு 1 வாட், ஆன்டெனாவோடு சேர்த்து 4 வாட் என்று உச்சவரம்பும் போட்டுவிட்டது. வேகமான 5 கிகாஹெர்ட்ஸ், சுவரைக் கண்டால் இன்னும் சீக்கிரம் சோர்ந்துவிடும். ஆறு கொம்பு என்ன, அறுபது கொம்பு வைத்தாலும் இதுதான் கதை.

அப்படியானால் வழி? நடுவில் இன்னொரு ஆளை நிறுத்துவதுதான். இரண்டாவதாக ஒரு சின்ன நிலையம். அதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ரிப்பீட்டர் என்று மலிவாக விற்கிறார்களே, அதில் பெரும்பாலானவை ஒரே அலைவரிசையில் கேட்டு, அதே அலைவரிசையில் திருப்பிச் சொல்கின்றன. கேட்கும்போது பேச முடியாது, பேசும்போது கேட்க முடியாது. வேகம் பாதியாகிவிடும். அதையும் கொண்டுபோய் சிக்னலே இல்லாத அறையில் செருகி வைப்போம். அதற்கே கேட்கவில்லை என்றால் எதைத் திருப்பிச் சொல்லும்? பாதி வழியில் வைக்க வேண்டும்.

அதைவிட நல்லது, முதல் பெட்டியிலிருந்து ஒரு ஒயர் இழுத்து இரண்டாவது பெட்டியில் சொருகுவது. 100 மீட்டர் வரைக்கும் ஒயர் தாங்கும். இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு. ஆனால் சேனல் மட்டும் வேறு வேறு. ஒன்று 1-ல் இருந்தால் மற்றது 6-ல் அல்லது 11-ல். இல்லாவிட்டால் இரண்டும் ஒன்றோடொன்று சண்டை போடும். நண்பர் வீட்டில் அன்றைக்கே ஒயர் இழுத்தோம். பழைய ரவுட்டர் ஒன்று பரணில் கிடந்தது. அதை அடுக்களை நிலைக்கு மேலே மாட்டினோம். மறுநாள் ஆச்சி பேரன் முகத்தைப் பார்த்து, "என்னடே இப்படி மெலிஞ்சு போய்ட்ட?" என்று கேட்டார். அவன் மெலியவில்லை என்பது வேறு விஷயம்.

இதோடு முடிந்திருந்தால் இது சமையல் குறிப்பு மாதிரி ஒரு வைஃபை குறிப்பு. அன்று சாயங்காலம் மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகாமல் இருந்திருந்தால் நானும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

வலையைத் தட்டிக்கொண்டிருந்த ஒருவரிடம், "கடலுக்குள்ள போன் எதுவரைக்கும் கிடைக்கும்?" என்று கேட்டேன். "கரை கண்ணுல இருந்து மறையுறதுக்கு முந்தியே சிக்னல் மறைஞ்சிரும் அண்ணாச்சி" என்றார். அதற்கப்புறம்? "அதுக்கப்புறம் கடவுள்தான்."

கணக்கு போட்டுப் பார்த்தேன். பூமி உருண்டை. ரேடியோ அலை ஏறக்குறைய நேராகப் போகும். 40 மீட்டர் டவரிலிருந்து, படகில் 2 மீட்டர் உயரத்தில் பிடித்திருக்கும் போனுக்கு அதிகபட்சம் 32 கிலோமீட்டர். இது தாள் கணக்கு. நடைமுறையில் அதற்கு வெகு முன்பே அறுந்துவிடும். சரி, டவரை 100 மீட்டருக்கு உயர்த்துவோம். 47 கிலோமீட்டர். அறுபது மீட்டர் இரும்பைக் கூடுதலாக ஏற்றி, கிடைத்தது பதினைந்து கிலோமீட்டர். இதே 40 மீட்டர் டவரை அப்படியே விட்டுவிட்டு, படகுகளில் 5 மீட்டர் கம்பம் நட்டு, ஒரு படகு அடுத்த படகுக்குக் கடத்தினால்? முதல் படகுக்கு 35 கிலோமீட்டர், அங்கிருந்து அடுத்ததற்கு 18. மொத்தம் 53. ஆச்சி வீட்டுக் கணக்கேதான். பெரிய கொம்பு தோற்ற இடத்தில் நடுவில் நின்ற சின்னப் பெட்டி ஜெயிக்கிறது.

இது என் கற்பனை இல்லை. கேரளத்தில் அமிர்தா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கரையில் நீண்டதூர வைஃபை நிலையம் வைத்து, மீன்பிடிப் படகுகளில் கருவி பொருத்தி, 40 கிலோமீட்டருக்கு மேல் இணையத்தைக் கொண்டுபோய்க் காட்டினார்கள். படகிலிருந்து படகுக்குத் தாவ வைத்தார்கள். நம் மீனவர்கள் வி.எச்.எஃப். வாக்கிடாக்கியில் வாயாலேயே செய்துவரும் அஞ்சலோட்டம்தான் அது. முன்னால் போன படகு சொன்னதைப் பின்னால் வருகிற படகு கரைக்குச் சொல்லும்.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கி வந்தது. கன்னியாகுமரியிலும் கேரளத்திலும் எத்தனை வீடுகளில் ஆள் திரும்பி வரவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். எச்சரிக்கை சொன்னோமா, எப்போது சொன்னோம் என்று அலுவலகங்களுக்கு இடையே பெரிய வாக்குவாதம் நடந்தது. நான் கேட்பது வேறு. பல நாள் முன்பே ஆழ்கடலுக்குப் போய்விட்டவன் காதில் அது விழுந்ததா? விழுந்தது என்று அவன் பதில் சொல்ல வழி இருந்ததா?

நம் அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் அது பொய். செய்தது. ஆனால் எப்படிச் செய்தது பாருங்கள். 2010-ல் இஸ்ரோவின் ஆபத்து அறிவிப்புக் கருவி வந்தது. 20,000-க்கு மேல் புழக்கத்துக்குப் போனது. படகில் பட்டனை அழுத்தினால் சாட்டிலைட் வழியாகக் கரைக்குச் செய்தி போகும். கேட்டதா, ஆள் வருகிறார்களா என்று பதில் வராது. 2019-ல் ஜெமினி என்றொரு கருவி. புயல், அலை, மீன் கூடும் இடம் எல்லாம் படகுக்கு வரும். படகிலிருந்து ஒரு வார்த்தை திரும்பிப் போகாது. ஒன்றுக்கு வாய் மட்டும். இன்னொன்றுக்குக் காது மட்டும். வரவு ஒரு நோட்டில், பற்று ஒரு நோட்டில்! என் பி.காம். வாத்தியார் பார்த்திருந்தால் நோட்டை வெளியே வீசியிருப்பார்.

2024 ஜனவரியில்தான், கேட்டுவிட்டோம் என்று படகுக்குப் பதில் அனுப்பும் இரண்டாம் தலைமுறைக் கருவியை இஸ்ரோ கொண்டுவந்தது. ஒரு 'சரி' வர பதினாலு வருஷம். அதே ஆண்டு ஆகஸ்டில், 1 லட்சம் படகுகளுக்கு இருவழிச் செய்திக் கருவி பொருத்த 364 கோடி ரூபாய்த் திட்டம் தொடங்கியது. வரவேற்கிறேன். தருவைக்குளத்திலிருந்து பல நாள் தங்கல் தொழிலுக்குப் போகிறவர்களுக்கு சாட்டிலைட்தான் சரி. ஆனால் காலையில் போய் ராத்திரி திரும்புகிறவர்கள்? கரையிலிருந்து பத்து, இருபது, முப்பது கிலோமீட்டருக்குள் வள்ளத்தில் தொழில் செய்கிறவர்கள்? அவர்கள் பையில் ஏற்கெனவே போன் இருக்கிறது. அது பேசக் கரையில் நிலையம்தான் இல்லை.

"மீனவர்களே கருவியை அணைத்து வைத்துவிடுகிறார்கள் சார்" என்று அதிகாரிகள் சொல்வார்கள். இருக்கலாம். தன்னைக் கண்காணிக்க மட்டும் பயன்படும் பெட்டியை யார் ஆசையாகப் போட்டு வைப்பார்கள்? வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று கேட்க உதவட்டும், ஏலத்தில் மீன் என்ன விலை போகிறது என்று கரை சேருமுன் தெரியட்டும். அணைக்கச் சொன்னாலும் அணைக்க மாட்டார்கள்.

கம்பெனிகள் ஏன் கடல் பக்கம் டவரைத் திருப்புவதில்லை? அலைக்கு ரீசார்ஜ் செய்யத் தெரியாது. அதில் நான் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், வியாபாரம் படித்தவன். லாபம் வராத இடத்துக்காகத்தான் ஒரு நிதியே இருக்கிறது. டெலிபோன் கம்பெனிகளின் வருமானத்தில் 5 சதவீதத்தை எடுத்து வைக்கிறார்கள். யுனிவர்சல் சர்வீஸ் நிதி என்று பெயர். இப்போது டிஜிட்டல் பாரத் நிதி. கம்பெனி கட்டினாலும் அது கடைசியில் உங்கள் பில்லில் இருந்து போகிற காசுதான். அந்தப் பணத்தில் 2020-ல் சென்னையிலிருந்து அந்தமானுக்குக் கடலடியில் 2,312 கிலோமீட்டர் கேபிள் போட்டார்கள். 2024-ல் லட்சத்தீவுக்குக் கொச்சியிலிருந்து கேபிள் போய்ச் சேர்ந்தது. நல்ல காரியம். கடலுக்கு அடியில் அவ்வளவு தூரம் போகத் தெரிந்தவர்களுக்குக் கடலுக்கு மேலே நாற்பது கிலோமீட்டர் போகத் தெரியாதா?

புதிதாக மலையைப் புரட்ட வேண்டாம். வேம்பாரிலிருந்து பெரியதாழை வரை நம் மாவட்டக் கரையில் உயரமான இடங்களுக்குப் பஞ்சமா? பாண்டியன் தீவில் கலங்கரை விளக்கம் நிற்கிறது. மணப்பாட்டில் குன்றின் மேலேயே ஒன்று நிற்கிறது. ஒரே ஒரு ராட்சத டவர் கேட்கவில்லை. கடலைப் பார்த்துச் சின்னச் சின்ன நிலையங்கள், கரை நெடுக. விருப்பப்படுகிற படகுகளில் கடத்தும் கருவி. அவ்வளவுதான்.

1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியபோது வ.உ.சி. கேட்டது, இந்தக் கடல்வழி யாருக்குச் சொந்தம் என்று. 2011-ல் துறைமுகத்துக்கு அவர் பெயரை வைத்தோம். அங்கே வருகிற பெரிய கப்பலோடு பேச எல்லா வசதியும் இருக்கிறது. விமானத்திலும் கப்பலிலும் போன், இணையம் தர 2018-லேயே விதி போட்டாயிற்று. பக்கத்திலேயே ஆடிக்கொண்டு போகும் வள்ளம் மட்டும் ஊமை.

இதே கடலில் முத்துக் குளித்தார்கள். கடைசிச் சலாபம் 1961-ல் நடந்தது. குளிப்பவர் இடுப்பில் கயிறு. மறுமுனை படகில் இருப்பவர் கையில். கீழே இருப்பவர் சுண்டினால் மேலே இருப்பவர் இழுக்க வேண்டும். அதனால் மச்சான் கையில்தான் கயிற்றைக் கொடுப்பார்களாம். தங்கை தாலி அவனுக்கு முக்கியம் அல்லவா! மேலே நின்றுகொண்டு, "புயல் வருது, ஏறி வா" என்று தண்ணீரைப் பார்த்துக் கத்துகிறவனை அந்தக் காலத்தில் யாரும் கயிறு பிடிக்க விட்டதில்லை.

அடுத்த முறை உங்கள் எம்.பி. ஓட்டுக் கேட்டு வரும்போது, நீங்கள் கடலோரத்துக்காரராக இல்லாவிட்டாலும், மீன் சாப்பிடுகிறவர் என்ற உரிமையில் ஒரு கேள்வி கேளுங்கள்: "நம்ம ஊர் டவரெல்லாம் எந்தப் பக்கம் பார்த்து நிக்குது சார்?"