ஒப்பந்தத்தில் ஒரு வரி

1987ஆம் ஆண்டு டிஸ்னி நிறுவனம் ‘லேடி அண்ட் தி டிராம்ப்’ படத்தை வீடியோ கேசட்டாக வெளியிட்டது. 1955இல் திரையரங்குக்கு வந்த கார்ட்டூன் படம். வீட்டில் வளரும் நாயும் தெருவில் திரியும் நாயும் ஒரே தட்டில் ஸ்பகெட்டி சாப்பிடும் காட்சி, படத்தைப் பார்க்காதவர்களுக்கும் தெரியும். கேசட் கோடிக்கணக்கான டாலர்களை அள்ளியது. அதில் தனக்கும் பங்கு உண்டு என்று ஒரு பெண் கேட்டார். இல்லை என்றது நிறுவனம்.

அந்தப் பெண் பெகி லீ. அமெரிக்கா முழுவதும் அறிந்த ஜாஸ் பாடகி. படத்தின் பாடல்களை சன்னி பர்க்குடன் சேர்ந்து எழுதியவர். வீட்டு எஜமானி டார்லிங், இரண்டு சயாமியப் பூனைகள், நாய்க் கூண்டில் பாடும் பெக் என நான்கு பாத்திரங்களுக்கும் அவர்தான் குரல். பெக் என்ற பெயரே அவரிடமிருந்து எடுத்ததுதான். இத்தனைக்கும் சேர்த்து அவர் கைக்கு வந்தது சில ஆயிரம் டாலர்.

1988இல், 68 வயதில், அவர் வழக்குத் தொடர்ந்தார். அவர் கையில் இருந்த ஆயுதம், 1950களின் தொடக்கத்தில் போட்ட ஒப்பந்தத்தில் இருந்த ஒரு வரி. பொதுமக்களுக்கு விற்பதற்காக அவருடைய உழைப்பைக் கொண்டு இசைத்தட்டுகளோ பிற பதிவுகளோ தயாரிக்கும் உரிமை நிறுவனத்துக்கு இல்லை என்பது அதன் சாரம். வீடியோ கேசட் என்ற பொருளே அன்று கடைகளில் கிடையாது, அதனால் அந்த வரி கேசட்டைக் குறிக்காது என்று நிறுவனம் வாதிட்டது. நீதிமன்றம் ஏற்கவில்லை. விற்பனைக்கான பதிவு என்றால் கேசட்டும் அதில் அடக்கம்தான். 1991இல் லாஸ் ஏஞ்சலஸ் ஜூரி அவருக்கு 38 லட்சம் டாலருக்கும் சற்று அதிகமாக வழங்கச் சொன்னது. ஒப்பந்த மீறலுக்கு ஒரு தொகை, குரலைப் பயன்படுத்தியதற்கு ஒரு தொகை, பெயரைப் பயன்படுத்தியதற்கு ஒரு தொகை என்று தனித்தனியாகக் கணக்கிட்டது. 1992இல் மேல்முறையீட்டிலும் அவரே வென்றார்.

இதைச் சொன்னால் உடனே சிலர் முகம் சுளிக்கிறார்கள். குழந்தைகள் படத்துக்குப் போய் யாராவது பங்கு கேட்பார்களா? வாங்கிய சம்பளம் போதாதா? பேராசை அல்லவா? கவனியுங்கள், இந்தக் கேள்விகளை யாரும் நிறுவனத்திடம் கேட்பதில்லை. படங்களைப் பெட்டகத்தில் பூட்டி வைத்து, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை குறைந்த காலத்துக்கு மட்டும் விற்பனைக்கு விட்டு, இப்போது வாங்காவிட்டால் கிடைக்காது என்று பெற்றோரை அவசரப்படுத்தியவர்கள் அவர்கள். அதற்குப் பெயர் வியாபார சாமர்த்தியம். பாடிய பெண் கணக்குக் கேட்டால் பேராசை. தாலாட்டுக்குக் கூலி கேட்கலாமா என்ற பழைய பொதுப்புத்திதான் இது. குழந்தைகளைச் சுற்றிப் பெண் செய்யும் வேலை எதுவானாலும் அதை அன்பு என்று பெயர்மாற்றிவிட்டால், கூலியைக் குறைத்துவிடலாம்.

ஆனால் பெகி லீயின் வெற்றியைக் கொண்டாடிவிட்டு எழுந்து போய்விடக் கூடாது. அவர் ஏற்கெனவே நட்சத்திரம். பேரம் பேசும் இடத்தில் இருந்ததால்தான் அந்த ஒரு வரி அவருக்குக் கிடைத்தது. 1937இல் வெளிவந்த ‘ஸ்னோ ஒயிட்’டின் நாயகிக்குக் குரல் கொடுத்த அட்ரியானா காசெலோட்டிக்கு அந்த இடம் இல்லை. அவருக்குக் கிடைத்தது 970 டாலர். திரையில் அவர் பெயர்கூட வரவில்லை. பாடல்களை இசைத்தட்டாக விற்றதை எதிர்த்து 1938இல் அவர் போட்ட வழக்கு தள்ளுபடியானது. அரை நூற்றாண்டு இடைவெளியில் ஒரே கேள்விக்கு இரண்டு பெண்கள் இரண்டு பதில்களைப் பெற்றார்கள். ஒருவர் கையில் ஒப்பந்த வரி இருந்தது என்பதே முக்கியமான வித்தியாசம்.

குரலாவது கேட்கிறது. கைகளை யார் பார்த்தார்கள்? டிஸ்னியின் மையும் வண்ணமும் பிரிவில் உட்கார்ந்து, ஆண்கள் வரைந்த படங்களை ஒவ்வொன்றாக செல்லுலாய்டு தாளில் மையால் பிரதியெடுத்து, பின்பக்கம் வண்ணம் தீட்டியவர்கள் பெரும்பாலும் இளம்பெண்கள். படைப்பு வேலை இளைஞர்களுக்கு மட்டுமே, பெண்களுக்கு இந்தப் பிரிவுதான் என்று 1930களின் இறுதியில் நிறுவனத்தின் பதில் கடிதமே சொன்னது. அதாவது வரைவது கலை, அதே கோட்டைப் பிசகாமல் மறுபடி வரைவது கைவேலை. 1961இல் ‘நூற்றியொரு டால்மேஷியன்கள்’ படத்தில் ஜெராக்ஸ் முறை முழுமையாக வந்து, மையிடும் அந்த வேலையின் பெரும்பகுதியைப் பிடுங்கிக்கொண்டது.

கதை அதோடும் முடியவில்லை. 1950இல் வந்த ‘சிண்ட்ரெல்லா’வைப் பின்னாளில் டிவிடிக்கும் புளூரேக்கும் டிஜிட்டலில் ‘சுத்தம்’ செய்தபோது, தூசியோடு சேர்த்து மெல்லிய மைக்கோடுகளும் பல இடங்களில் மங்கிப்போயின. கவனித்துப் பார்க்கும் ரசிகர்கள் புகார் சொன்னார்கள். 2023இல் 4கே பதிப்பு வந்தபோதுதான் பல கோடுகள் மீண்டன. முதலில் பெயரைத் திரையில் போடவில்லை. பிறகு வேலையை இயந்திரத்துக்குக் கொடுத்தார்கள். கடைசியில் அவர்கள் போட்ட கோட்டையே அழுக்கு என்று துடைத்தார்கள். பெண் உழைப்பை அழிப்பதற்கு இதைவிடப் பொருத்தமான படம் வேறு வேண்டுமா?

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பெகி லீ பாடிய சயாமியப் பூனைகள் பாட்டு ஆசிய மக்களைக் கேலி செய்யும் பாட்டு. 2019இல் எடுத்த மறுஆக்கத்தில் அதை நீக்கி வேறு பாட்டு வைத்தார்கள். நம் கதாநாயகியின் குரலிலும் இனவாதம் இருந்தது. அதை விமர்சிப்போம். அதற்காக அவருடைய கூலிக் கணக்கை மூடிவிட முடியாது. உழைத்தவள் அப்பழுக்கில்லாதவளாக இருந்தால்தான் உரிமை கேட்கலாம் என்பது எஜமானர்களின் விதி, நம்முடையது அல்ல.

இன்று பொழுதுபோக்குத் துறை ஒப்பந்தங்களில், இப்போதுள்ள தொழில்நுட்பத்துக்கும் இனிக் கண்டுபிடிக்கப்போகும் தொழில்நுட்பத்துக்கும், உலகமெங்கும், எக்காலத்துக்கும் உரிமை எங்களுக்கே என்ற வாசகம் சர்வசாதாரணம். பெகி லீ நுழைந்த கதவை உள்ளிருந்து தாழிடும் வாசகம் அது. 2023இல் ஹாலிவுட் நடிகர்கள் 118 நாள் வேலைநிறுத்தம் செய்தபோது, செயற்கை நுண்ணறிவு தங்கள் குரலையும் உருவத்தையும் நகலெடுப்பதற்கு ஒப்புதலும் கூலியும் வேண்டும் என்பது முக்கியக் கோரிக்கைகளில் ஒன்று. கேசட் போய்விட்டது, அதே சண்டை தொடர்கிறது. ஆனால் இம்முறை ஒரு நட்சத்திரம் தனியாக நீதிமன்றப் படியேறவில்லை. சங்கமாக நின்றார்கள்.

பெகி லீக்கு ஒரு வரி கிடைத்தது. மை தொட்டு வரைந்த பெண்களுக்கு அதுவும் கிடைக்கவில்லை. அந்த வரி ஒருத்தியின் அதிர்ஷ்டமாக இருக்கும்வரை, அதை நீதி என்று சொல்ல நான் தயாரில்லை.