தனிவழிச் செல்வோனும் இரு தலைநகரங்களும்

ஊர் காணச் செல்வோர் இரு திறத்தினர். சுற்றமும் நட்பும் சூழச் செல்வோர் ஒரு திறத்தினர்; துணையின்றித் தனியே செல்வோர் மற்றொரு திறத்தினர். கூட்டமாய்ச் செல்வோர்க்கு எந்நகரும் இனிய நகரே. வழி தவறினும் அவர்கள் சிரித்துக்கொண்டே தவறுவர். மழை வரினும் ஒரு கூரையின்கீழ் நின்று உரையாடி மகிழ்வர். தனியே செல்வோனுக்கோ அவன் காணச் சென்ற நகரமே துணை. அத்துணை நன்கு அமையாவிடின், மாடமும் கோபுரமும் ஆயிரம் இருந்தும் அவன் மாலைப்பொழுது வெறுமையாகவே கழியும். ஆதலின், காணத்தக்கவை எத்துணை என்று எண்ணுதல் மட்டும் அவனுக்குப் போதாது. அந்நகர் தன்னை எவ்வாறு ஏற்கும் என்றும் அவன் எண்ணுதல் வேண்டும்.

ஐரோப்பாவின் வடபால் இரு தலைநகரங்கள் உள்ளன. சுவீடன் நாட்டின் தலைநகர் ஸ்டாக்ஹோம். டென்மார்க்கு நாட்டின் தலைநகர் கோபன்ஹேகன். இரண்டும் நீரால் எழில் பெற்றவை. இரண்டும் முடியரசின் பழம்பதிகள். சில நாள் விடுமுறையும் சிறு பொருளும் உடைய இளைஞன் ஒருவன், இவற்றுள் ஒன்றனைத் தனியே காண விரும்பின், எதனைத் தேர்தல் தகும்?

முதற்கண் ஸ்டாக்ஹோமின் சிறப்பினைக் காணல் முறை. மேலாரன் என்னும் ஏரி பால்டிக் கடலோடு கலக்கும் இடத்தில், 14 தீவுகளின்மேல் அமைந்தது அந்நகர். நோபல் பரிசுகளுட் பல ஆண்டுதோறும் டிசம்பர்த் திங்கள் 10-ஆம் நாள் அங்கு வழங்கப்படுகின்றன. திருச்சிராப்பள்ளியிற் பிறந்த அறிவியல் அறிஞர் சர் சி. வி. இராமன் 1930-ஆம் ஆண்டில் பௌதிகத்துக்கான அப்பரிசினை அந்நகரிலேயே பெற்றார்.

அங்குள்ள காட்சிகளுள் தலையாயது வாசா என்னும் போர்க்கப்பல். 1628-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 10-ஆம் நாள் அக்கப்பல் முதன்முறையாகப் பாய் விரித்துப் புறப்பட்டது. ஏறத்தாழ 1,300 மீட்டர் தொலைவு செல்வதற்குள் காற்றிற் சாய்ந்து, பீரங்கி வாயில்களின் வழியே நீர் புக, கரையில் நின்றோர் கண்முன்னே மூழ்கியது. மேற்பாரம் மிகுந்தமையே அதன் அழிவுக்குக் காரணம். பால்டிக் கடலில் உப்புக் குறைவு. ஆதலின் மரத்தைத் துளைத்தழிக்கும் கப்பற்புழு ஆண்டு வாழ்வதில்லை. எனவே 333 ஆண்டுகள் நீரடியிற் கிடந்தும் அக்கப்பல் உருக்குலையாதிருந்தது. 1961-ஆம் ஆண்டில் அதனை மேலே கொணர்ந்தனர். 1990-ஆம் ஆண்டில் அதற்கெனப் பெரியதொரு காட்சிச்சாலையும் திறந்தனர். தம் முன்னோரின் பிழையை மறைக்காமல், உலகோர் கண்டு பாடம் பெறுமாறு வைத்தமை சுவீடன் மக்களின் பெருந்தன்மைக்குச் சான்றாகும்.

இத்துணைச் சிறப்பிருந்தும், ஸ்டாக்ஹோமின் அழகு எட்ட நின்று காணும் அழகு. அகன்ற நீர்ப்பரப்பு தீவைத் தீவினின்று பிரிக்கின்றது. ஓவியத்தின்முன் நிற்பவன் போலப் பயணி அதனை வியந்து நிற்கின்றான். உடன் வியப்பதற்கு ஒருவர் இருப்பின் அவ்வியப்பு இரட்டிக்கும். இல்லையேல் அது தனிமையை நினைவூட்டும்.

கோபன்ஹேகனோ கைக்கெட்டும் நகர். வணிகர் துறைமுகம் என்பது அப்பெயரின் பொருள். நிலம் சமதளமாதலின் கால்நடையாகவும் மிதிவண்டியிலும் அதனை எளிதிற் காணலாம். மிதிவண்டிகளுக்கெனத் தனி வழிகள் உண்டு. அவற்றில் மாணவனும் மக்கள் மன்ற உறுப்பினரும் ஒருங்கே செல்வர். வாடகை மிதிவண்டியில் ஏறிய அயலானும் அக்கணமே அவ்வூர் மக்களுள் ஒருவன் ஆகின்றான். 1962-ஆம் ஆண்டில், நகரின் நடுவிலுள்ள ஸ்ட்ரோயெட் என்னும் கடைத்தெருவில் மோட்டார் வண்டிகள் செல்வதைத் தடுத்து, அதனை நடப்போர்க்கே உரியதாக்கினர். வாணிகம் அழியும் என்று வணிகர் பலர் அஞ்சினர். நடந்ததோ வேறு. மக்கள் திரண்டு வந்தனர்; வாணிகமும் தழைத்தது. 1843-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற டிவோலி என்னும் களிப்பூங்கா, மைய இரயில் நிலையத்தின் அருகிலேயே உள்ளது. வந்திறங்கியவன் சில அடிகள் நடந்தால் விளக்கொளியும் இசையும் மக்கட் கூட்டமும் அவனை எதிர்கொள்ளும்.

தனியே வந்தோர்க்கும் அந்நகர்க்கும் பழந்தொடர்பு ஒன்று உண்டு. 1819-ஆம் ஆண்டில் ஒடென்சே என்னும் ஊரினின்று 14 வயதுச் சிறுவன் ஒருவன் துணையின்றிக் கோபன்ஹேகனை வந்தடைந்தான். அவன் செருப்புத் தைக்கும் ஏழைத் தொழிலாளியின் மகன். தந்தையை முன்னரே இழந்தவன். நாடக அரங்கிற் புகழ் பெற விழைந்தான், கைகூடவில்லை. வறுமையும் ஏளனமும் அவனை வாட்டின. எனினும் அந்நகரத்துச் சான்றோர் சிலர் அவனுக்குக் கைகொடுத்துப் பள்ளியிற் சேர்ப்பித்தனர். அச்சிறுவனே பிற்காலத்தில் உலகக் குழந்தைகள் யாவர்க்கும் கதை சொன்ன ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன். அவர் வாழ்ந்த வீடுகளை நியூஹவ்ன் என்னும் கால்வாய்க் கரையில் இன்றும் காணலாம்.

“கோபன்ஹேகனிற் புகழ்பெற்ற கடற்கன்னிச் சிலை 1¼ மீட்டர் உயரமே உடையது, வாசாவுக்கு ஈடாக அங்கு என்ன உளது?” எனச் சிலர் வினவலாம். வினா நேரியதே. காட்சிப் பொருள்களை நிறுக்கும் தராசில் ஸ்டாக்ஹோமின் தட்டே தாழும். கலையும் வரலாறும் ஆராய்வோனும், அமைதி நாடித் தனித்திருக்க விழைவோனும் அங்குச் செல்வதே முறை. ஆயின், அயல்நாட்டில் முதன்முறை தனியே கால் வைப்பவனுக்கு வேண்டுவது வியப்பினும் துணிவேயாகும். பிறர் நடுவே அச்சமின்றி நடக்கவும், வழி வினவவும், தனியே அமர்ந்து உண்ணவும் அவன் பழகுதல் வேண்டும். அப்பழக்கத்தைத் தருவதில் கோபன்ஹேகனே முற்படுகின்றது.

அன்றியும், ஒன்றனைத் தேர்தல் மற்றொன்றனை இழத்தலாகாது. 2000-ஆம் ஆண்டில் ஓரெசுண்டுக் கடற்காலின் குறுக்கே பாலம் திறக்கப்பட்டது. கோபன்ஹேகனில் இரயிலேறுவோன் ஏறத்தாழ ஐந்து மணி நேரத்தில் ஸ்டாக்ஹோமை அடையலாம். முன்னதில் துணிவு பெற்றவன், பின்னொரு முறை பின்னதன் பெருமையையும் கண்டு மகிழலாம். எந்நகர் பெரிது என்னும் வினாவினும், யார்க்கு எந்நகர் ஏற்றது என்னும் வினாவே பயணம் செய்வோனுக்குப் பயன் தருவதாகும்.