கடிகாரம் யார் கையில்?



மாலை நேரம். பாங்கொலி ஓய்ந்து சிறிது நேரம் ஆகிவிட்டது. அடுக்களையிலிருந்து உம்மா அழைக்கிறார். கணினியின் முன் அமர்ந்திருக்கும் மகன், "இதோ வந்துவிட்டேன் உம்மா, இன்னும் ஐந்தே நிமிடம். இப்போது எழுந்தால் தோற்றுவிடுவேன்" என்கிறான். ஐந்து நிமிடம் அரை மணியாகிறது. குரல்கள் உயர்கின்றன. இறுதியில் வாப்பா எழுந்து சென்று மின்விசையை அணைத்துவிடுகிறார். அன்றிரவு மகன் யாருடனும் பேசாமல் படுக்கச் செல்கிறான்.

இக்காட்சி நம்மில் பலர் இல்லங்களில் அரங்கேறியிருக்கும். மகன் சொன்னது சாக்குப்போக்கு என்றே நாம் எண்ணுகிறோம். ஆனால் அவன் சொன்னது உண்மை. அவன் ஆடிக்கொண்டிருந்தது பாதியில் நிறுத்த இயலாத ஆட்டம். ஆட்டம் தொடங்குவதற்கு முன் அதை அவனும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. பிழை அங்கேதான் நேர்ந்தது.

விடுமுறை நாள்கள் நெருங்கும்போதெல்லாம், "பிள்ளைக்கு நல்லதொரு கணினி விளையாட்டு வாங்கித் தர எண்ணுகிறோம், எதை வாங்கலாம்?" எனப் பெற்றோர் கேட்பதுண்டு. எனவே இவ்விதழில், நிகழ்நேர உத்தி விளையாட்டுகள் எனப்படும் வகையைப் பற்றியும், அண்மைக் காலத்தில் வந்தவற்றுள் இல்லத்திற்குள் அனுமதிக்கத் தக்கவை எவை என்பது பற்றியும் எழுத விழைகிறேன்.

முதலில் இவ்வகை விளையாட்டின் இயல்பை அறிவோம். சதுரங்கத்தில் ஒருவர் காயை நகர்த்தும்வரை மற்றவர் காத்திருப்பார். இங்கே யாரும் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. நீங்கள் சிந்தித்துக்கொண்டிருக்கும்போதே எதிராளி வயலை உழுகிறார், மதிலை எழுப்புகிறார், படையைத் திரட்டுகிறார். 1992-ஆம் ஆண்டில் வெளிவந்த 'டியூன் 2' என்ற விளையாட்டு இவ்வகைக்கு ஓர் உறுதியான வடிவம் தந்தது. 1997-இல் தொடங்கிய 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்' வரிசை அதனை வரலாற்றோடு இணைத்து உலகெங்கும் பரப்பியது.

போர் விளையாட்டு என்றதும் வெட்டும் குத்தும் மட்டுமே இருக்கும் என்று அஞ்ச வேண்டியதில்லை. வழக்கமான ஓர் ஆட்டத்தில் தொடக்கத்தில் கையில் இருப்பவர்கள் ஒரு சில குடியானவர்களே. அவர்களைக் கொண்டு உணவு சேர்க்க வேண்டும். மரம் வெட்ட வேண்டும். பொன்னும் கல்லும் தோண்ட வேண்டும். சேர்த்ததில் எவ்வளவை இன்றைக்குச் செலவிடுவது, எவ்வளவை நாளைக்கு முதலீடாக்குவது என்பதே ஆட்டத்தின் உயிர்நாடி. வேலையின்றி நிற்கும் குடியானவனைத் தேடிக் காட்டுவதற்கென்றே இவ்விளையாட்டில் ஒரு பொத்தான் உண்டு!

ஒருமுறை என் சகோதரியின் மகனருகே அமர்ந்து நானும் ஆடிப் பார்த்தேன். வாள்வீரர்களைத் திரட்டுவதிலேயே என் கவனம் முழுவதும் சென்றுவிட்டது. "மாமா, உங்கள் ஆள் சும்மா நிற்கிறான். அவனுக்கு முதலில் வேலை கொடுங்கள்" என்று அவன் மும்முறை எச்சரித்தான். நான் கேட்கவில்லை. களஞ்சியம் வறண்டது, படை அழிந்தது. வரவை மறந்து செலவு செய்யும் குடும்பத் தலைவனின் கதி என்னவாகும் என்பதைப் பதின்மூன்று வயதுச் சிறுவன் எனக்குக் கற்பித்தான்.

நன்மை இருக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் வாங்கிக் குவித்துவிடலாமா? கூடாது. விளையாட்டின் பெயரையும் படத்தையும் பார்க்குமுன் ஒரே ஒரு வினாவை எழுப்புங்கள்: இதன் கடிகாரம் யார் கையில் இருக்கிறது?

கடிகாரங்கள் மூன்று வகை. முதல் வகை, நாமே நிறுத்திவைக்கக் கூடியது. கணினியை எதிராளியாகக் கொண்டு தனியாக ஆடும்போது ஆட்டத்தை எந்நேரமும் நிறுத்தலாம். சேமித்து வைத்து நாளை தொடரலாம். இரண்டாம் வகை, நம்மால் நிறுத்த இயலாது. ஆயினும் தானே முடிந்துவிடும். இணையத்தின் வழியே பிறருடன் ஆடும் போட்டிகள் இவ்வகையின. ஒரு போட்டி அரை மணி முதல் ஒரு மணி வரை நீளக்கூடும். இடையில் எழுந்தால் தோல்விதான். குழுவாக ஆடினால் நண்பர்களையும் நட்டாற்றில் விட்டதாகும். மூன்றாம் வகைக்கு முடிவே இல்லை. நாம் உறங்கும்போதும் அது ஓடிக்கொண்டிருக்கும்.

அம்மூன்றாம் வகை பெரும்பாலும் கைப்பேசியில் குடியிருக்கிறது. 2012-இல் வெளிவந்த 'கிளாஷ் ஆஃப் கிளான்ஸ்' இதற்கு நல்ல சான்று. ஒரு கட்டடம் எழும்பி முடியப் பல மணி நேரம், சில வேளை பல நாள்கூட ஆகும். காத்திருக்கப் பொறுமை இல்லையா? பணம் கொடுத்து விரைவுபடுத்தலாம். அந்தப் பணம் வாப்பாவின் வங்கிக் கணக்கிலிருந்து போகிறது. 2024 அக்டோபரில் வெளிவந்த 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் மொபைல்' என்பதும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. பெயர் ஒன்றுதானே என்று பெற்றோர் ஏமாந்துவிடக் கூடாது. கணினியில் ஆடும் மூல விளையாட்டு வேறு, இது வேறு. இலவசமாகக் கிடைப்பது பல நேரங்களில் விலை மிக்கதாகிவிடுகிறது.

இனி, பரிந்துரைக்கத் தக்கவற்றைக் காண்போம்.

முதலிடம் 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 4' என்பதற்கே உரியது. 2021 அக்டோபரில் வெளிவந்தது. இடைக்கால உலகின் அரசுகள் பலவற்றுள் ஒன்றைத் தேர்ந்து ஆடலாம். அப்பாசிய அரசைத் தேர்ந்தெடுத்தால் அதன் நடுநாயகமாக அமைவது கோட்டையன்று. பக்தாதின் 'பைத்துல் ஹிக்மா' எனும் ஞான இல்லம். அதனோடு புதிய கிளைகளை இணைத்தால்தான் அரசு அடுத்த காலகட்டத்திற்கு உயரும். டில்லி சுல்தான்களின் அரசுக்கு வேறொரு தனித்தன்மை உண்டு. அங்கே ஆராய்ச்சிக்குப் பொன்னோ உணவோ செலவில்லை. நேரம் மட்டுமே விலை. பள்ளிவாசலில் அறிஞர்களை அமர்த்தினால் அந்நேரம் குறையும். கல்வி இலவசம், ஆனால் காலத்தைக் கேட்கும் என்ற கருத்தை விளையாட்டின் விதியாகவே அமைத்த நுட்பத்தைப் பாராட்டாமல் இருக்க இயலவில்லை.

2022-இல் உதுமானிய அரசும் மாலி அரசும் இதில் சேர்க்கப்பட்டன. 2023 நவம்பரில் வந்த 'தி சுல்தான்ஸ் அசெண்ட்' என்ற விரிவாக்கம், சிலுவைப் போர்களை முஸ்லிம் ஆட்சியாளர்களின் பக்கமிருந்து சொல்லும் கதைத் தொடரைக் கொண்டது. அது தனியே விலைக்குக் கிடைக்கிறது. மூல விளையாட்டின் கதைத் தொடர்களுக்கு இடையே உண்மையான கோட்டைகளையும் பழங்காலப் போர்க்கருவிகளையும் காட்டும் குறும்படங்கள் உள்ளன. அவற்றைக் குடும்பத்தோடு அமர்ந்து பார்க்கலாம். ஓரளவு புதிய கணினி இருந்தாலன்றி இவ்விளையாட்டு சீராக ஓடாது என்பதையும் நினைவிற் கொள்க.

பழைய கணினி வைத்திருப்போர்க்கு ஏற்றது 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2'. 1999-இல் பிறந்த இவ்விளையாட்டு 2019 நவம்பரில் புதுப்பிக்கப்பட்டு வெளிவந்தது. சுல்தான் சலாஹுத்தீன் அய்யூபியின் வரலாறு இதில் ஆறு பகுதிகளாக அமைந்துள்ளது. கதையைச் சொல்பவர் அவரிடம் சிறைப்பட்ட ஓர் ஐரோப்பிய வீரர் என்பது சிறப்பு. எதிரியாக வந்தவரே சுல்தானின் பெருந்தன்மையைக் கண்டு மனம் மாறுவதைக் கதை காட்டுகிறது.

2022 ஏப்ரலில் இதற்கு வந்த 'டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா' என்ற விரிவாக்கம் தமிழர்களாகிய நமக்கு மேலும் நெருக்கமானது. முதலாம் இராசேந்திர சோழனின் கதைத் தொடர் அதில் உண்டு. பாபரின் கதைத் தொடரும் அதே விரிவாக்கத்தில் இடம்பெற்றுள்ளது. 1025-ஆம் ஆண்டில் கடாரம் நோக்கிச் சென்ற சோழர் கடற்படையைப் பற்றிப் பாடநூலில் படித்த பிள்ளை, இங்கே கப்பல்களைத் தானே செலுத்திப் பார்க்கிறான்.

மூன்றாவது, பணமே தேவைப்படாதது: 'ஜீரோ ஏ.டி.' உலகெங்குமுள்ள தன்னார்வலர்கள் பல ஆண்டுகளாக உருவாக்கி வரும் இவ்விளையாட்டை இணையத்திலிருந்து இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். உள்ளே விளம்பரம் இல்லை. எதையும் வாங்கும்படி நச்சரிப்பதும் இல்லை. கிறிஸ்து பிறப்பதற்கு முந்திய 500 ஆண்டுகளின் அரசுகள் இதில் இடம்பெறுகின்றன. மௌரியர், பாரசீகர், கார்த்தேஜியர், ஆப்பிரிக்காவின் குஷ் நாட்டினர் எனத் தேர்ந்தெடுக்கலாம். முதன்முதலாக இவ்வகையை முயல்வோர் இதிலிருந்து தொடங்குவது சிக்கனமாகும்.

சிந்தித்து முடிவெடுக்க வேண்டியவை இரண்டையும் சொல்லிவிடுகிறேன். 2024 செப்டம்பரில் வந்த 'ஏஜ் ஆஃப் மித்தாலஜி: ரீடோல்டு' மிகச் சிறப்பாக வடிவமைக்கப்பட்ட விளையாட்டு. ஆனால் கிரேக்க, எகிப்திய, நார்டிக் புராணத் தெய்வங்களுள் ஒன்றைத் தலைமையாக ஏற்பதும், அவற்றின் அருளைச் சேர்ப்பதும் ஆட்டத்தின் அடிப்படை. இதனை முன்னரே அறிந்துகொண்டு அவரவர் இல்லத்தின் நெறிக்கேற்ப முடிவெடுப்பது நல்லது. 2023 பிப்ரவரியில் வந்த 'கம்பெனி ஆஃப் ஹீரோஸ் 3' இரண்டாம் உலகப் போரின் இத்தாலி, வட ஆப்பிரிக்கக் களங்களைக் காட்டுவது. தனியாக ஆடும்போது போரை உறையவைத்துவிட்டு நிதானமாகக் கட்டளையிடும் வசதி இதில் உண்டு. எனினும் குருதியும் கடுஞ்சொல்லும் மிகுதி. அமெரிக்கத் தரநிர்ணயத்தில் 17 வயதுக்கு மேற்பட்டோர்க்கு உரியதாக வகுக்கப்பட்டது. கல்லூரிப் பருவத்தார்க்கு மட்டுமே இதனைச் சொல்வேன். முன்னே கூறிய ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் இரண்டும் 13 வயதுக்கு மேற்பட்டோர்க்கு உரியவை.

வாங்கியாகிவிட்டது, இனி வீட்டில் அமைதி நிலவ என்ன செய்யலாம்?

சிறுவர்கள் முதல் வகைக் கடிகாரத்தோடு தொடங்கட்டும். கதைத் தொடர்களை மட்டும் ஆடட்டும். அழைத்தால் நிறுத்திவிட்டு எழுந்து வரலாம் என்பதால், "தோற்றுவிடுவேன்" என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை.

இணையப் போட்டிக்கு அனுமதி கேட்கும் வயது வந்ததும், மணிக்கணக்குப் பேசாதீர்கள், ஆட்டக்கணக்குப் பேசுங்கள். "ஒரு மணி நேரம்" என்று வரையறுத்தால் இரண்டாவது ஆட்டத்தின் நடுவில் அது முடியும்; சண்டை மூளும். "ஓர் ஆட்டம்" என்று சொல்லுங்கள். தொழுகைக்கோ உணவுக்கோ ஒரு மணி நேரமே இருக்கும்போது புதிய ஆட்டம் தொடங்குவதில்லை என்று உடன்படிக்கை செய்துகொள்ளுங்கள். ஆனால் தொடங்க அனுமதித்துவிட்டால் அது முடியும்வரை பொறுத்திருப்பது உங்கள் கடமை. பிள்ளை வாக்கைக் காக்க வேண்டுமெனில் பெற்றோரும் காக்க வேண்டாமா?

அறிமுகமற்றோருடன் ஆடும்போது எழுத்துவழி உரையாடல் நிகழும். அதில் வசைமொழியும் வரும். கணினி கூடத்தில் இருப்பதே இதற்குச் சிறந்த காவல். விளையாட்டுகளை விற்கும் 'ஸ்டீம்' கடை 2024-இல் ஏற்படுத்திய குடும்ப வசதியில், பிள்ளை ஆடும் நேரத்திற்குப் பெற்றோர் வரம்பிடலாம். ஆனால் எந்தப் பூட்டும் அருகில் அமரும் பெற்றோருக்கு ஈடாகாது.

அருகில் அமர்ந்தால் மற்றொரு பயனும் உண்டு. விளையாட்டு வரலாறாகிவிடாது. 1187-இல் ஹித்தீன் களத்தில் சிலுவைப் படை தண்ணீரின்றித் தவித்ததையும், அதே ஆண்டு அக்டோபரில் ஜெருசலத்தை மீட்ட சலாஹுத்தீன் படுகொலைக்கு இடந்தராமல், மீட்புத்தொகை பெற்று மக்களை வெளியேற அனுமதித்ததையும் நீங்கள் எடுத்துச் சொல்லுங்கள். திரையில் வென்ற பிள்ளை, வென்ற பிறகு எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை உங்களிடமிருந்து கேட்கட்டும்.

மின்விசையை அணைப்பது எளிது. ஆனால் அன்று அணைந்தது கணினி மட்டுமன்று. தந்தைக்கும் மகனுக்கும் இடையே இருந்த பேச்சும் அணைந்தது. இன்று மாலை உங்கள் மகனிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "தம்பி, நீ ஆடும் இந்த ஆட்டம் முடிய எவ்வளவு நேரமாகும்?" அவ்வினாவைக் கேட்ட வீட்டில், விசையைத் தேடி யாரும் எழ வேண்டியிராது.

மற்றொரு செய்தியோடு அடுத்த இதழில் சந்திப்போம், இன்ஷா அல்லாஹ்.